ராத்திரித் தேத்தண்ணி

அக்கா,

இன்று நம் டயாலிசிஸ் அறையில், நீங்கள் படுத்திருந்த கட்டிலுக்குப் புதிதாக வந்திருக்கும் அம்மாள் பிளாஸ்க்கைத் திறந்தார். பால் சேர்க்காத இஞ்சித் தேநீர் வாசம். கையில் ஊசியோடு கிடந்தேன். இல்லாவிட்டால் எழுந்து வெளியே போயிருப்பேன்.

முதலில் உங்களை எனக்குப் பிடிக்கவே இல்லை, தெரியுமா? மெஷின் ஓடத் தொடங்கினால் போதும், உங்கள் குறட்டையும் தொடங்கிவிடும். இந்தப் பொம்பளைக்கு மட்டும் எங்கிருந்து இப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்கு வயிற்றெரிச்சல். மார்க்கெட்டில் பாத்திரக் கடை நடத்துகிறவள் நான். பேச ஆள் இல்லாமல் படுத்திருக்க முடியுமா?

பிறகுதான் சொன்னீர்கள், வீட்டில் பொட்டுத் தூக்கம் இல்லையென்று. படுத்தால் காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்குமாம். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் ஒரே அறை. நீங்கள் புரண்டால் மகனும் மருமகளும் விழித்துக்கொள்வார்கள் என்று அடுப்பங்கரையில் உட்கார்ந்தே விடியவிடுவீர்களாம்.

"எனக்குத் தூக்கம் இல்லாட்டிப் போவுது தங்கச்சி, விடிஞ்சா வேலைக்குப் போறதுக தூங்கணும்ல" என்றீர்கள்.

அன்றிலிருந்து உங்களை ராத்திரியில் தூங்கவைப்பது என் வேலையாகிப் போனது. டாக்டர் சொன்னபடி, பகலில் மெஷினில் கண்ணயர விடாமல் வாயாடினேன். நீங்கள் வருகிற மஞ்சூர் பஸ், உங்கள் மருமகள் சமையல், என் கடை வாடிக்கையாளர்கள் என்று பேசிப் பேசித்தான் அந்த விஷயம் வெளியே வந்தது. நமக்கோ அளந்து குடிக்கிற தண்ணீர். அதையும் பகலெல்லாம் நாக்கு வறள மிச்சம் பிடித்து, படுக்கும்முன் ஒரு பெரிய டம்ளர் நிறையக் கடும் சாயத்தில் தேத்தண்ணி! சிலோனிலிருந்து சின்ன வயதில் வந்தும் அந்தச் சொல்லை நீங்கள் விடவில்லை, அந்தப் பழக்கத்தையும் விடவில்லை.

"ஏனுங்க அக்கா, அதைக் குடிச்சா எப்படிங்க தூக்கம் வரும்? காலையில குடிங்க" என்றேன்.

"கொழுந்து எடுத்த ஒடம்பு. அது இல்லாம எப்பிடிப் படுக்குறது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

விட்டேனா? டாக்டரிடம் போட்டுக்கொடுத்தேன். அவரும் அதையேதான் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே காலைக்கு மாற்றினீர்கள்.

சில வாரம் கழித்து ஒருநாள், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே என் கட்டிலருகே வந்து நின்றீர்கள். "விடிஞ்சதே தெரியல தங்கச்சி" என்றீர்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டீர்கள், தூக்கத்தில். நான் உங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தபோது உங்கள் மருமகள் சொன்னாள்: "இப்பத்தான் நல்லா தூங்குறாங்கன்னு எழுப்பல. வச்ச தேத்தண்ணி ஆறுதேன்னு எழுப்பப் போனேன்."

கடைசி ராத்திரி நாக்கு வறண்டுதான் படுத்திருப்பீர்கள்; நான் சொன்னதால். நன்றாகத் தூங்கியதும் நான் சொன்னதால்தான். இரண்டில் எதை நினைத்து மனசைத் தேற்றுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

புது அம்மாளுக்கு ஊர் தேவர்சோலை. ராத்திரியில் தூக்கமே இல்லை என்றார். படுக்கும்முன் என்ன குடிப்பீங்க என்று கேட்டேன். ஒரு பெரிய கிளாஸ் கட்டன் சாயா, அதை மட்டும் விட முடியாது என்று சிரித்தார். விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை அக்கா.

"அடுத்த தடவை வர்றப்ப கடையிலிருந்து ஒரு சின்ன டம்ளர் கொண்டாறேனுங்க" என்றேன். "அதுல குடிங்க."