காலியாக நின்ற இரண்டாவது கோடு

மார்ச் 11, செவ்வாய். பேர்லேண்ட், டெக்சாஸ்.

இன்று வக்கீலைப் பார்த்தேன். பாலு வீட்டுச் சமையலறையைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தும் பாதிப் பணம் வரவில்லை. வீட்டின் மேல் லீன், அதாவது பாக்கிக்கான சட்டப் பிடிமானம், பதிவு செய்துவிட்டால், என் பாக்கியைத் தீர்க்காமல் அவன் வீட்டை விற்பது கடினம். கோடையில் விற்கப்போகிறான் என்று கேள்வி.

வக்கீல் ஒப்பந்தத்தைப் புரட்டினார். குடியிருக்கும் வீடு என்றால், வேலை தொடங்கும் முன்பே கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டுமாம். இதில் பாலு மட்டும்தான். லீன் நிற்காது என்றார்.

போன வருடம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில், படிவத்தில் இருந்த இரண்டு கோட்டிலும் கையெழுத்து வாங்கினேன். அங்கே லீன் போட்ட பத்தாம் நாள் செக் வந்தது.

பாலு வீட்டில் ஒப்பந்தம் போட்ட அன்று அவன் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நானும் சைன் பண்ணணுமாங்க?" என்று கேட்டார்.

"எதுக்கு மேடம்? சார் போட்டா போதும். நமக்குள்ள என்ன!" என்றேன். வீட்டுப் பெண்மணியிடம் கையெழுத்துக் கேட்பது அவரைச் சந்தேகப்படுவதுபோல இருந்தது.

வக்கீல் ஆபீஸ் வாசலிலிருந்தே பாலுவுக்கு போன் செய்தேன். "கோர்ட்டுக்குப் போங்களேன், யாரு வேண்டாங்கறா?" என்றான். சிரித்தான்.

வீட்டுக்கு வந்து வக்கீல் சொன்னதைச் சொன்னேன். மனைவி சுதா கேட்டாள். "பாலு வைஃப் ஏன் சைன் பண்ணல?"

"பாலுதான் வேண்டாம்னான்."

"சரியான ஃப்ராடு."

ஆமாம் என்றேன்.