பதினாறாம் கேள்வி

பாப்பாவுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடவாவது கையில் எடுத்தாக வேண்டுமே, அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெற்றேன். இளம் பிள்ளைகளின் படிப்பையும் உடல்நலத்தையும் முப்பது வருடம் ஆராய்ந்தவள் என்று மேடையில் புகழ்ந்தார்கள். பக்கத்தில் இருந்த உன் சித்தி, “ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி...” என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கழுநீர்ப் பானை வரைக்கும் போகாமல் நிறுத்திக்கொண்டாள்.

நேற்று அலுவலக அலமாரியைக் காலி செய்தபோது ஒரு பழைய கேள்வித்தாள் கிடைத்தது. புதுக் கேள்விகள் பிள்ளைகளுக்குப் புரிகின்றனவா என்று முதலில் உன்னிடம்தானே கொடுத்துப் பார்ப்பேன்? இது உன் பதினாலு வயதில் நீ நிரப்பியது. பதினாறாம் கேள்வி, ‘மனசு சரியில்லாதபோது யாரிடம் சொல்வாய்?’

‘யார்கிட்டயும் இல்ல. அம்மா, நீயாவது இதப் படிப்பியா?’ என்று எழுதியிருக்கிறாய்.

அதன் பக்கத்திலேயே, சிவப்பு மையில், என் கையெழுத்து: ‘கேள்வி தெளிவாகப் புரிகிறது. மாற்ற வேண்டாம்.’

அதே கேள்வியை அப்புறம் நாலாயிரம் பிள்ளைகளிடம் கேட்டேன். யாரிடமும் சொல்வதில்லை என்றவர்களைப் பற்றிப் புத்தகமே எழுதினேன். அதில் நீ மட்டும் இல்லை. சோதித்துப் பார்க்க நிரப்பிய தாள்களை ஆய்வில் சேர்ப்பது எங்கள் வழக்கமில்லை.

நீ கேட்டிருந்தாயே, பாப்பா. நேற்றுதான் படித்தேன்.

அம்மா