டி.என்.ஏ. போடாத கிண்ணம்

சார்,

இன்று காலை மலாக்காவில், தெங்கேரா பக்கத்துக் கடையொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நம் லேப் நினைவுக்கு வந்தது. நாம் கொழுப்பைக் கரைத்த திரவத்துக்கும் கிட்டத்தட்ட அதே வாடைதான். நீங்கள் செத்து ஒரு மாதமாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

நியாலாஸ் ரப்பர் தோட்டத்திலிருந்து உங்களிடம் ஆராய்ச்சி படிக்க வந்தவள் நான். இரண்டு உப்புநீர்க் கிண்ணங்களுக்கு நடுவே ஊசிமுனை அளவுத் துளை. அதன்மேல் கொழுப்பைப் பூசிப் படலம் கட்டுவது என் வேலை. கண்ணுக்குத் தெரியாத படலம். அது கட்டியதா கிழிந்ததா என்பதை மின்சார அளவுதான் சொல்லும். அதில் ஒரு புரதத் துளை பதிந்தால் மின்னோட்டம் படியேறும். டி.என்.ஏ. இழை அந்தத் துளைக்குள் நுழைந்தால் சட்டென்று இறங்கும். அந்த இறக்கத்தை முதன்முதலில் பார்த்த மதியம் உங்கள் அறைக்கு ஓடி வந்தேன்.

"ஃபேன் சுத்துறதால வர்ற ஆட்டம்லா அது. எஸ்டேட் பொண்ணுக்கு எல்லாத்துலயும் அவசரம்," என்றீர்கள். மறுவாரமே என்னைப் பாட்டில் கழுவ அனுப்பினீர்கள்.

பிறகு மலாக்கா ஹோட்டலில் அந்தக் கருத்தரங்கு. திரையில் என் வரைபடம். கீழே உங்கள் பெயர் மட்டும். என் மேசையிலிருந்து எனக்குத் தெரியாமல் நீங்கள் எடுத்துப்போனது எந்தத் தாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"சார், அந்தக் கிண்ணத்துல டி.என்.ஏ. போட்டிருந்தீங்களா?"

"போடாம எப்படிம்மா? உட்காரு."

"போடல சார். சரிபார்க்க நான் வெறுமனே ஓட்டினது. வரைபடத்துல இருக்கிற அந்தப் பள்ளமெல்லாம் வெளியே லாரி போனப்ப மேசை ஆடினது."

யாரோ சிரித்தார்கள். நிஜத்தைக் கொண்டுவந்தபோது ஆட்டம் என்றீர்கள். கடைசியில் வெறும் ஆட்டத்தைத் திருடிக்கொண்டு மேடையேறியிருந்தீர்கள். உங்கள் முகம் வெளுத்ததைக் கண் எடுக்காமல் பார்த்தேன். இனித்தது.

அதன்பின் உங்களை எந்த மேடைக்கும் யாரும் அழைக்கவில்லை. என்னையும் எந்த லேப்பிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன்.

உங்கள் கருமாதிக்கு வந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர்கிட்ட படிச்ச பிள்ளையா? உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். அந்த வீட்டில் நீங்கள் என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. திட்டுவதற்குக்கூட.

மாலை போட்ட உங்கள் படத்துக்கு எதிரே நின்று, அப்பா பெயரோடு சேர்த்து என் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

செத்தவர்களை மன்னித்துவிட வேண்டுமாம், அம்மா சொல்கிறாள். என்னால் முடியாது சார். இந்தக் கோபத்தை நானே வைத்துக்கொள்கிறேன். இதுவாவது என் பெயரில் இருக்கட்டும்.