வாசற்கல்லில் யார் பெயர்

1932 மார்ச் 8, பாரிஸ்

கண் விழிக்கும்போதே கால்வாய்த் தெரு வீட்டின் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். அந்தப் படிக்கட்டு இன்னும் கட்டப்படவே இல்லை! ஆனாலும் கைப்பிடி சில்லென்று இருந்தது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் வெயில் எங்கே விழும் என்று தெரிந்துவிட்டது. எழுந்து, காபிகூடக் குடிக்காமல் வரைந்தேன்.

அர்மான் எட்டிப் பார்த்தான். "கனவுல கட்டுனா கூலி கிடையாது, தெரியுமில்ல?"

புருஷன், கேலி செய்யட்டும். நான் வரைவதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறவனும் அவன்தான். பெண் வரைந்த வீடு என்றால் யாரும் குடிவர மாட்டார்களாம்.

அக்டோபர் 19

மழை. சாரத்தின் மேல் நின்றுகொண்டு, இல்லாத ஜன்னல்கள் வழியாகக் கால்வாயைப் பார்த்தேன். இறங்கவே மனமில்லை.

1933 ஏப்ரல் 20

வீடு எழுந்துவிட்டது. கல்தச்சர் ஃபிர்மேன் வந்தார். வாசலுக்குப் பக்கத்துக் கல்லில் கட்டடக் கலைஞரின் பெயரை வெட்ட வேண்டுமே. "யார் பேரும்மா?" என்று என்னைத்தான் கேட்டார்.

அர்மான் முந்திக்கொண்டான். "என் பேர்தான். வேற யாரு பேரு?"

சாப்பிடும்போது, என் பெயர் ஏன் கூடாது என்று கேட்டே விட்டேன். சிரித்தான்.

"பேருல என்ன இருக்கு கிளோ? நீயும் நானும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்னா என் பேரை வெட்டச் சொல்லேன்."

அதன்பிறகு சிரிப்பு இல்லை. சூப் ஆறிப்போயிற்று.

ஏப்ரல் 21

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? வெறும் கல்லுதானே — இல்ல. வெறும் கல்லு இல்ல.

ஏப்ரல் 24

கால்வாய்த் தெருவுக்குப் போனேன். ஃபிர்மேன் கரிக்கோலால் அர்மான் பெயரை எழுதி முடித்திருந்தார். அழிக்கச் சொன்னேன்.

"ஐயா சொல்லணுமேம்மா..."

"வருஷம் பூரா சாரத்துல யாரைப் பாத்தீங்க?"

தலையைச் சொறிந்தார். "உங்களத்தான். ஐயா ரிப்பன் வெட்டத்தான் வருவாரு." ஈரத்துணியை எடுத்துத் துடைத்தார். உளியின் முதல் அடி என் பல்லில் கேட்டது.

கிளோத்தில் ரவனெல், கட்டடக் கலைஞர். வெயில் ஒவ்வொரு எழுத்தாக இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நேரம் போனதே தெரியவில்லை.

ஏப்ரல் 26

அர்மான் பார்த்துவிட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மே 11

இன்னும் பேசவில்லை. அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் போகிறானாம். பயமா இருக்கு. ஒரு கல்லுக்காக அவனைத் தொலைச்சிட்டேனா? ஆனால் அழித்துவிடுகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஜூன் 2

உள்ளறையில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையை மனசுக்குள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் மணி. அர்மான்தான் கதவைத் திறந்தான்.

"கால்வாய்த் தெரு வீட்டுக் கல்லுல பேர் பாத்தேன். கட்டடக் கலைஞர் இருக்காரா?" யாரோ ஒருவர்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

"இருக்காங்க," என்றான் அர்மான். "உள்ள வரைஞ்சிட்டிருக்காங்க. உக்காருங்க, கூப்பிடுறேன்."