தமிழில் பதினோராம் பிரிவு

பெப்ரவரி 3, திங்கள்

மழை விட்டு இரண்டு நாள். கந்தோர் வாசலில் இன்னும் சேறு.

மனேஜர் கூப்பிட்டார். கொழும்பில் முடிவெடுத்துவிட்டார்களாம். இனிமேல் எங்கள் இன்சூரன்ஸ் கொம்பனியின் காப்புறுதிப் பத்திரம் தமிழிலும் சிங்களத்திலும் கொடுக்கப்படும். இதுவரை இங்கிலிஷ் மட்டும்தான். தமிழாக்கும் வேலை எனக்கு. கொன்வென்ற்றில் படித்தவள், இரண்டு பாஷையும் தெரிந்தவள் என்று என் பெயரைக் கொடுத்தாராம். மூன்று கிழமைத் தவணை. சந்தோஷம். வேறு யாரிடமும் சொல்ல வெட்கம், இங்கே எழுதலாம். ஒன்பது வருடமாக டைப் அடிக்கிற பத்திரம், அதில் எனக்கு என்ன கஷ்டம்?

வாங்க: மண்ணெண்ணெய், வெள்ளை நூல், அக்காவுக்கு இருமல் மருந்து.

தெருவில் திரிகிற மான் ஒன்று வேலிக்குள் புகுந்து செவ்வரத்தைப் பூ முழுவதையும் தின்றுவிட்டது. அக்கா விளக்குமாறோடு ஒழுங்கைமுனை வரை துரத்திப் போனாள்.

பெப். 6, வியாழன்

ஆறு பிரிவு முடிந்தது. நல்ல தமிழ் என்று நினைத்து எழுதியதை எனக்கே இரண்டாம் தரம் வாசிக்க ஏலவில்லை. கிழித்துவிட்டு, சந்தையில் கதைப்பதுபோல் எழுதினேன். இப்போது விளங்குகிறது.

ஏஜன்ட் செல்வம் அண்ணை வந்தார். இந்த ஊரிலும் கிண்ணியாவிலும் பாதிப்பேரைக் காப்புறுதியில் சேர்த்துவிட்டவர். எட்டிப் பார்த்து, “தமிழில வந்தால் சனம் வாசிக்கத் தொடங்கிவிடும் பிள்ளை” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பகல் முழுக்க மின்சாரம் இல்லை.

பெப். 11, செவ்வாய்

பதினோராம் பிரிவு. எழுதினதை அப்படியே இங்கே:

‘யுத்தம், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம், குண்டு, கண்ணிவெடி ஆகியவற்றால் சாவு நேர்ந்தால், யுத்தம் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், காப்புறுதிப் பணம் கொடுக்கப்படமாட்டாது.’

மூன்று தரம் இங்கிலிஷைப் பார்த்தேன். பிழை இல்லை. அதுதான் எழுதியிருக்கிறது. எத்தனை நூறு தரம் அடித்திருப்பேன். எந்தக் கொமா எங்கே வரும் என்று விரலுக்குத் தெரியும். ஒரு வசனமாக இன்றைக்குத்தான் வாசித்தேன்.

இந்த ஊரில் வேறு எந்தச் சாவுக்குப் பயந்து சனம் காப்புறுதி எடுத்தது?

மத்தியானம் சோற்றுப் பார்சல் பிரிக்கவில்லை.

பெப். 12, புதன்

லத்தீபின் கோப்பை எடுத்தேன். கிண்ணியா ஆள். லொறிச் சாரதி. நவம்பர் கடைசியில் நெல் மூட்டையோடு கப்பல்துறைப் பக்கம் போகும்போது கண்ணிவெடியில் செத்துப்போனார். போன மாதம் அவருடைய மச்சான், மனைவி ரஹீமாவின் அண்ணன், அவர்கள் நானா என்பார்கள், கொழும்பிலிருந்து வந்த இங்கிலிஷ் கடிதத்தோடு வந்தார். வாசித்துச் சொல்லச் சொன்னார். பதினோராம் பிரிவின்படி கொடுக்க ஏலாதாம் என்று சொன்னேன். அது என்ன பிரிவு என்று கேட்டார். பத்திரத்தில் இருக்கிறது ஐயா என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

கோப்பில் விண்ணப்பப் படிவம். அடியில் லத்தீபின் கையெழுத்து, தமிழில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி. அதற்கு மேலே இங்கிலிஷில் ஒரு வரி: எல்லாப் பிரிவுகளும் எனக்குத் தெரிந்த பாஷையில் வாசித்து விளங்கப்படுத்தப்பட்டன. அதற்குக் கீழே விளங்கப்படுத்தியவரின் கையெழுத்து.

என்னுடையது.

லத்தீபை நான் வாழ்க்கையில் கண்டதே இல்லை.

செல்வம் அண்ணை வெள்ளிக்கிழமைகளில் படிவங்களைக் கட்டாகக் கொண்டுவருவார். இரண்டு பாஷையும் தெரிந்த உத்தியோகத்தர் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது விதி. தேத்தண்ணி குடித்துக்கொண்டே வைப்பேன். அலுமாரியைத் திறந்து மற்றக் கோப்புகளையும் பார்க்கத் தொடங்கினேன். எல்லாவற்றிலும் நான். பாதியில் மூடிவிட்டேன். பூட்டித் திறப்பை மேசைக்குள் போட்டேன்.

பெப். 13, வியாழன்

செல்வம் அண்ணையிடம் நேரே கேட்டேன். பாய்வார் என்று நினைத்தேன். பாயவில்லை. தமிழில் எழுதிய தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, வாசித்தார். திரும்பவும் வாசித்தார். கதிரையில் இருந்தார்.

“என்ன நடந்தாலும் குடும்பம் தெருவுக்கு வராது எண்டு சொல்லித்தான் சேர்த்தனான். பொய் சொல்லேல்லைப் பிள்ளை. எனக்கும் இது தெரியாது.”

தன் இரண்டு மருமக்களுக்கும் அவரே பத்திரம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். தண்ணி கேட்டார். கொடுத்தேன். குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் என்னுடைய பத்திரத்தையும் எடுத்துப் பார்த்தேன். அதே பதினொன்று. அக்கா கேட்டாள், அப்ப நீ எப்பிடிச் செத்தால் தருவினம் என்று. காய்ச்சலில் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் குசினிக்குள் போய் வெளியில் வரவே இல்லை.

பெப். 17, திங்கள்

மனேஜர் என் தமிழைக் கேட்டுத் திருப்தி. பதினொன்றை மட்டும் இங்கிலிஷில் விடச் சொன்னார். சட்டச் சொற்களாம், கொழும்பு அப்படித்தான் கேட்கிறதாம். சிங்களப் பத்திரத்திலுமா என்று கேட்டேன். ஓம், அதிலும்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அவருடைய தட்டுத்தடுமாறிய தமிழில் மெல்லச் சொன்னார்:

“என்ட தம்பி ஆமியில. அவருக்கு பத்திரம் நான்தான் எழுதினது. பதினொண்டு பற்றி அம்மாவுக்கு இன்னும் சொல்ல இல்ல மிஸ்.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு காலமாக என்று கேட்காமல் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியில் வந்தேன்.

பெப். 20, வியாழன்

லீவு. கிண்ணியா. சீனன்குடாவில் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதனை. ஆமிக்காரன் என் தமிழ்த் தாள்களைப் புரட்டி என்ன என்று கேட்டான். இன்சூரன்ஸ் என்றேன். கவனமாக அடுக்கித் திருப்பித் தந்தான். துறையில் அக்கரை போகிற மிதவைப் படகுக்கு ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். வெயில். செருப்பு வார் அறுந்தது.

ரஹீமா இத்தாவில். புருஷன் மௌத்தான பிறகு நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. உள் அறையில் வெள்ளை உடுத்து இருந்தா. என்னைவிட வயது குறைவு. பதினொன்றைத் தமிழில் வாசித்தேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னா. படிவத்தில் கையெழுத்து என்னுடையது, ஆனால் நான் லத்தீபுக்கு ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை என்று சொன்னேன். அழுவா, ஏசுவா என்று வழி முழுக்க நினைத்துப் போனேன். நிதானமாகச் சொன்னா:

“அந்த ரோட்டால போக அவருக்கு விருப்பமே இல்ல மிஸ். நானும் வேணாம் எண்டன். பத்திரம் வீட்டில கிடக்குதானே, நீ ஏன் பயப்பிடுற எண்டு சொல்லிட்டுத்தான் ஏறினார்.”

கையிலிருந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவவே தண்ணி கொண்டுவந்து தந்தா.

புறப்படும்போது கேட்டா:

“இப்ப சொன்னத எழுதித் தருவீங்களா? உங்கட கையெழுத்தோட.”

ஓம் என்றேன். மிதவையில் வரும்போதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்கியது.

பெப். 21, வெள்ளி

எழுதினேன். ஒரு பக்கம், தமிழில். நான் விளங்கப்படுத்தவில்லை, அவரைக் கண்டதுமில்லை, கையெழுத்து மட்டும் வைத்தேன். அக்கா பக்கத்தில் நின்று வாசித்தாள். வேலை போய்விடும் என்றாள். போகும்தான். பிறகு, “உன்ர பெயரை முழுசா எழுது” என்றாள்.

மனேஜருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நானே வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். முடிந்ததும் கிடைத்ததாக முத்திரை குத்தி, கொழும்புத் தபாலில் போட்டார். மடித்து மேசைக்குள் வைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

செல்வம் அண்ணை இன்றைக்குக் கட்டு கொண்டுவரவில்லை.

மார்ச் 12, புதன்

கொழும்பிலிருந்து பதில். என் கடிதம் தமிழில் இருப்பதால் பரிசீலிக்க ஏலாதாம். இங்கிலிஷில் அனுப்ப வேண்டுமாம். நான்கு தரம் வாசித்தேன். தமிழ்ப் பத்திரம் வேண்டும் என்று கேட்ட அதே ஆளின் கையெழுத்து.

இங்கிலிஷில் அடித்து அனுப்பியாயிற்று. மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். டைப் அடிக்கலாமாம்.

ஏப்ரல் 2, புதன்

அச்சடித்த தமிழ்ப் பத்திரம் வந்தது. அழகான எழுத்து. பத்துவரை தமிழ், பன்னிரண்டிலிருந்து தமிழ். நடுவில் பதினொன்று இங்கிலிஷில்.

ஏப்ரல் 7, திங்கள்

சரியான வெக்கை. கந்தோரில் சனம் நிறைய.

பத்தரைபோல ரஹீமா வந்தா, நானாவோடு. இத்தா முடிந்துவிட்டதாம். கொழும்பிலிருந்து இன்னும் முடிவில்லை என்றேன். தெரியும் என்றா. மேசையில் இருந்த புதுத் தமிழ்ப் பத்திரத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினா. பதினொன்றில் விரல் நின்றது.

“இத வாசிங்க மிஸ். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி.”

மனேஜர் தன் அறை வாசலில் நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் எழும்பி நின்று தமிழில் வாசித்தேன். குண்டு, கண்ணிவெடி, எல்லாம்.

சனம் காத்திருக்கிற வாங்கிலில் இருந்த ஒரு மனிசி, எனக்கு முன்பின் தெரியாதவர், பையைத் திறந்து பழைய பத்திரம் ஒன்றை எடுத்தார். மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்டது.

“பிள்ளை, இதிலயும் அது கிடக்கோ?”

கிடக்கு அம்மா என்றேன். வரிசையில் நின்ற மற்றவர்களும் பைகளைத் திறக்கத் தொடங்கினார்கள்.