சந்தனம் பூசிய பேஸ் கிட்டார்

பெங்களூரு
10.11.2024

அன்புள்ள ஜெபா,

நீயும் அன்னமேரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். நாங்கள் இங்கே கர்த்தருடைய தயவில் இருக்கிறோம். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது தெரியும். வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். அதனால்தான் தபால். கிழிப்பதற்காவது கையில் எடுப்பாய் அல்லவா? முகவரி முத்துமணி கொடுத்தான். நம் டிரம்மர் இப்போதும் என்னோடுதான் இருக்கிறான்.

இந்திரா நகரில் ஒரு ஓட்டல் மொட்டைமாடியில் ஜனவரி முதல் நிரந்தரமாக வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்றே பேர்: கீபோர்டுக்கு நான், டிரம்ஸுக்கு முத்துமணி, பிறகு பேஸ். மற்ற நாட்களில் பயிற்சி. ஷிப்டும் பார்த்துக்கொண்டு ஓசூரிலிருந்து வந்துபோக முடியாது. வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். டிசம்பர் பதினைந்துக்குள் நான் பெயர் கொடுத்தாக வேண்டும். உன் பெயரைக் கொடுக்க ஆசைப்படுகிறேன்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே.

உன்
டேனி

ஓசூர்
16.11.2024

டேனிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. அன்னமேரிக்குச் சர்க்கரை, எனக்குக் கோபம். இரண்டுக்கும் மாத்திரை போதவில்லை. மற்றபடி நலம்.

பேஸ் வாசிக்க ஆள் தேடுகிறாயா? உன் இடது கை என்ன ஆயிற்று? அது சோறு கேட்காது, வண்டியில் இடம் கேட்காது, சம்பளத்தில் பங்கு கேட்காது. ஒன்பது வருஷமாக அதை வைத்துத்தானே ஓட்டினாய்?

நீ மறந்திருப்பாய். 2015, ஆயுத பூஜை. சிப்காட்டில் அந்தக் கம்பெனியின் பிரஸ் ஷாப்புக்கு முன்னால் மேடை. மிஷின்களையெல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். நாம் டிபன் சாப்பிடப் போன நேரத்தில், துப்புரவுப் பிரிவு ரங்கம்மா சந்தனக் கிண்ணத்தோடு மேடை ஏறி என் பேஸ் கிட்டாருக்கு முழுக்காட்டே நடத்தியிருந்தாள். ஓடிப்போய், “ஏம்மா, இது மிசினு இல்லம்மா!” என்றேன். “உங்களுக்குச் சோறு போடறதுதான சார்? அப்ப இதுவும் ஆயுதந்தான். இத்த மட்டும் வுட்டா கோவிச்சுக்கும்” என்றாள்.

துடைத்துவிட்டு ஏறினேன். ஆனால் வயர் சொருகும் துளைக்குள் சந்தனத் தண்ணீர் இறங்கியிருந்தது. மூன்றாவது பாட்டில் கரகரவென்றது, பிறகு ஒன்றுமே இல்லை. நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு முன்னால் நிறுத்தக் கூச்சமாக இருந்தது. விரலை ஆட்டிக்கொண்டே நின்றேன். பத்தொன்பது பாட்டு, இரண்டரை மணி நேரம், சத்தம் வராத கிட்டார். நீ ஒருமுறைகூட என் பக்கம் பார்க்கவில்லை. கீபோர்டின் அடிக்கட்டைகளில் இடது கையால் பேஸை அடித்துக்கொண்டே போனாய். முடிந்ததும் மேனேஜர் வந்து, “போன வருசத்தவிட இந்த வருசம் சவுண்டு சூப்பர் சார், க்ளியரா இருந்துச்சு” என்று உன் கையைக் குலுக்கினார்.

அடுத்த மாதம் கிருஷ்ணகிரி கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, “ஆம்னில எடமில்ல ஜெபா, உன் ஆம்ப்பே ஒரு ஆளு எடம் புடிக்குது” என்றாய். முப்பத்தெட்டு கிலோ, பதினைந்து அங்குல ஸ்பீக்கர். அதைத்தான் பத்து வருஷம் தூக்கினோம். அன்றைக்கு மட்டும் அது குண்டாகிவிட்டது.

ரங்கம்மா மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என் பேஸையும் ஒரு கருவியாக மதித்தவள் அங்கே அவள் ஒருத்திதான்.

நான் வரப் போவதில்லை. இருந்தாலும் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், அந்த ஓட்டலில் பேஸுக்கு என்ன ஆம்ப் வைத்திருக்கிறார்கள்? பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு என்றால் மொட்டைமாடிக் காற்றில் ஒன்றும் நிற்காது. வயரை நேராகச் சவுண்ட் மிக்ஸரில் சொருகச் சொல்வார்கள் என்றால் இன்னும் மோசம். பேஸ் என்பது வாசிப்பவனின் முதுகுக்குப் பின்னால் இருந்து அவனைத் தள்ள வேண்டும்.

ஜெபதுரை

பெங்களூரு
21.11.2024

அன்புள்ள ஜெபா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் கையெழுத்து மாறவே இல்லை. கோபமாக எழுதினாலும் ஒரு எழுத்துகூடச் சாயவில்லை.

என் இடது கை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். போன மார்ச்சில் எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. கால் பழையபடி வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. இடது கை வரவில்லை. மடியில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கிறது. வலது கையால் மட்டும்தான் வாசிக்கிறேன். நீ தெரியாமல்தான் கேட்டாய் என்று எனக்குத் தெரியும், வருத்தப்படாதே.

தேவைக்காகக் கூப்பிடுகிறான் என்று நினைப்பாய். ஆமாம், தேவைக்காகத்தான். பெங்களூரில் பேஸ் வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பேர் வந்து வாசித்தும் காட்டினார்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் நான் எங்கே மூச்சு விடுவேன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆம்ப் நீ சொன்னதுதான், பத்து அங்குலம் இரண்டு. உனக்கு வேண்டியதை வாங்கித் தர ஓட்டல்காரர் சம்மதித்துவிட்டார். எதை வாங்க என்று எழுது.

உன்
டேனி

ஓசூர்
27.11.2024

அன்புள்ள டேனி,

கை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். அன்னமேரி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் இப்போது என்ன வேலை பார்க்கிறேன் என்று முத்துமணி சொன்னானா? மோட்டார் கம்பெனியில் சத்தச் சோதனை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை. கதவைச் சாத்தினால் என் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்கும். ஒவ்வொரு மோட்டாராக உள்ளே வரும், சுற்றும், நான் கேட்பேன். பேரிங்கில் உறுத்தல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர், இல்லாவிட்டால் பச்சை. நாளுக்கு நானூறு. எம்.எஸ்ஸி. பௌதிகம் படித்ததற்கும் இருபது வருஷம் பேஸ் வாசித்ததற்கும் சேர்த்துக் கிடைத்த உத்தியோகம் இது. வெளியே வந்தால் அத்திப்பள்ளி பக்கம் போகும் பஸ்கள் வரிசையாகப் போகின்றன. ஒரு மணி நேரத்தில் உன் ஊர். ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் ஏறியதில்லை. ஏறினால் திரும்பிவர வேண்டும். அதற்கு இந்த அறையே பரவாயில்லை என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பீரோ மேலிருந்து பேஸை இறக்கினேன். கழுத்து லேசாக வளைந்திருக்கிறது, சரிசெய்துவிடலாம். கம்பி பழசு. மாற்ற மாட்டேன். புதுக் கம்பி தட்டு கழுவுகிற மாதிரி சத்தம் போடும். ஆறு மாதம் விரல் வியர்வை குடித்த பிறகுதான் அதற்குக் குரல் வரும். ஐந்து கம்பிப் பேஸும் எனக்கு வேண்டாம். அந்த அடிக்கம்பியில் வரும் சத்தம் யானைக்கும் தூணுக்கும்தான் கேட்கிறது. ஓட்டல்காரரிடம் பதினைந்து அங்குலம் ஒன்று, முந்நூறு வாட் போதும் என்று சொல். பெரிதாக வாங்கிக் குறைவாக வைப்பதுதான் மரியாதை.

நான் வாசிப்பதை அன்னமேரி சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “போறதுன்னா போங்க. என் பள்ளிக்கூடச் சம்பளம் நம்ம ரெண்டு பேருக்குப் போதும். இங்கயே உக்காந்துக்கிட்டு டேனி அண்ணனத் திட்டறத நானும் எத்தன வருசம் கேக்கறது?” என்றாள்.

ஆக, வழியை மறித்து யாரும் நிற்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அன்று ஆயுத பூஜையில், என் சத்தம் நின்றது உனக்குக் கேட்டதா, இல்லையா? கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாய் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படித்தான் என்றாலும் பரவாயில்லை, மன்னித்துவிடுகிறேன். ஒரு வரி எழுது, அது போதும்.

ஜெபா

பெங்களூரு
3.12.2024

அன்புள்ள ஜெபா,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன். என் மகள் ரெனிட்டா, “கேட்டுச்சுன்னு எழுதிடுங்கப்பா. அங்கிள் வந்துடுவாரு, முடிஞ்சுது” என்கிறாள். எழுதிப் பார்த்தேன். உன்னிடம் பொய் நிற்காது.

எனக்குக் கேட்கவில்லை ஜெபா. இடது கை பழக்கத்தில் எப்போதும் உன்னோடு சேர்ந்து அதே பேஸை வாசித்துக்கொண்டுதான் இருந்தது. அது உனக்கே தெரியும், அதற்காக எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறாய். அன்று உன் சத்தம் நின்றது எனக்குத் தெரியாது. சாமான் ஏற்றும்போது நீ சொல்லித்தான் தெரிந்தது. அந்த நிமிஷம்தான், நீ இல்லாமலும் கச்சேரி ஓடும் என்று எனக்குப் புரிந்தது. அதை உன் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாமல் வண்டியில் இடமில்லை என்றேன். ஆம்ப் மேல் பழி போட்டது தப்பு.

இப்போது வலது கையால் மட்டும் வாசிக்கும்போது, பாட்டு கீழே எங்கேயும் உட்காராமல் மிதக்கிறது. உன் வேலை என்ன என்று ஐம்பத்து மூன்று வயதில்தான் தெரிந்துகொண்டேன். வா. மன்னித்துத்தான் வர வேண்டும் என்றில்லை. திட்டிக்கொண்டே வாசி.

உன்
டேனி

ஓசூர்
10.12.2024

அன்புள்ள டேனி,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி. நீ கேட்டும் மறைத்தாய் என்று நினைத்தவரைக்கும் நான் உன்னை ஒரு திருடனாக வைத்திருந்தேன். திருடனுக்காவது எடுத்த பொருளின் விலை தெரியும். உனக்குத் தெரியவில்லை என்று படித்ததும் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். பிறகு சிரிப்பு வந்தது.

இதை நீ நம்ப வேண்டும். அதற்குப் பிறகும் நான் கிளம்பத்தான் இருந்தேன். ஞாயிறு இரவே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். நேற்று காலை ஷிப்ட் தொடங்குமுன் எச்.ஆர். சுவேதாவிடம் நீட்டினேன். உன் ரெனிட்டா வயது இருக்கும். படித்துவிட்டு, “வேற கம்பெனியா சார்?” என்றாள்.

“இல்லம்மா. பேஸ் கிட்டார் வாசிக்கப் போறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று முதலில் சிரித்தாள். பிறகு எழுந்து போய்ப் பிளாண்ட் ஹெட்டிடம் பேசிவிட்டு வந்தாள். “சார், நீங்க லீவு போட்ட அன்னிக்கெல்லாம் ரிஜெக்சன் மூணு மடங்கு திரும்பி வந்திருக்கு. சத்தம் செக் பண்ற மிசின் வச்சுக்கூட ட்ரை பண்ணாங்க, ஆவல. உங்க காது இல்லேன்னா லைன் நின்னுடும் சார். இன்னும் அஞ்சு வருசம் இருங்க. அந்த ரூமுக்கு ஏசி போட்டுத் தரச் சொல்லிட்டாரு.”

நான் இல்லாவிட்டால் நின்றுவிடும். இருபது வருஷம் எத்தனையோ மேடைகளில் யாராவது இதைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன், டேனி. மாம்பழக் கண்காட்சியில், மண்டபங்களில், தேவாலய ஆண்டு விழாக்களில். ஒருத்தர் சொல்லவில்லை. நேற்று ஒரு சின்னப் பெண், ஆளை நிறுத்திவைப்பது அவள் வேலை என்பதால், சொன்னாள். இதையே எல்லோரிடமும் சொல்வாளாக இருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை நீட்டிக் கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். முதல் மோட்டார் வந்தது. பச்சை.

அன்னமேரியிடம் சொன்னேன். திட்டவில்லை. “அப்ப இனிமே யாரத் திட்டுவீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே அந்த இரண்டு பேரில் ஒருவரை எடுத்துக்கொள். அவன் ஐந்து கம்பிக்காரனாக இருந்தாலும் விட்டுவிடு, காலம் அப்படி. ஆம்பைத் தரையில் வைக்காதே. மொட்டைமாடித் தளம் அதிர்ந்து கீழ்மாடி ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு மர ஸ்டூல் மேல் வை. முத்துமணியின் இடப்பக்கம், காலால் மிதிக்கும் ஹை-ஹாட் தட்டுகளுக்கு அருகில் புதியவனை நிறுத்து. டிரம்மரின் கால் தெரிந்தால்தான் பேஸ்காரன் நிம்மதியாக வாசிப்பான். சவுண்ட் சர்வீஸ் ஆள் வந்து பேஸைக் குறைக்கச் சொன்னால், முதலில் கீபோர்டைக் குறைக்கச் சொல். புதியவன் தப்பாக வாசித்தால் நேரே சொல்லிவிடு. வண்டி மேல் பழி போடாதே. நான்கு பாட்டுக்கு ஒருமுறையாவது அவன் பக்கம் திரும்பிப் பார்.

நீ எங்கே மூச்சு விடுவாய் என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். பல்லவி முடிந்து இரண்டாவது தாளத்தில், அரை நொடி. வேண்டுமானால் அவனை எனக்கு எழுதச் சொல், நான் விளக்குகிறேன். நீ எழுத வேண்டாம். முதல் நாள் எப்படிப் போனது என்று முத்துமணியையும் சொல்ல விடாதே.

நன்றாகத்தான் போயிருக்கும்.

ஜெபதுரை