வெயில் வராத ஒன்பது நாள்

சிஸ்டர்,

இன்று காலை வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மூடியைத் திருகினேன். அமிலத்தின் நெடி மூக்கில் ஏறியது. அந்த நெடி வந்தாலே எனக்கு உங்கள் சுகாதார நிலையத்தின் பின்னறைதான் நினைவுக்கு வரும். நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் மகள் மல்லசமுத்திரத்திலிருந்து போன் செய்து நான்கு நாள்தான் ஆகிறது.

கெங்கவல்லிக்கு அப்பால், மலையடியில் இருந்த அந்த ஊருக்கு எண்பதுகளின் நடுவிலும் கரண்ட் வரவில்லை. தடுப்பூசி மருந்து கெடாமல் இருக்க, சூரிய ஒளியில் ஓடும் குளிர்பெட்டி ஒன்றைச் சோதனையாக அங்கே வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனான என்னை அனுப்பினார்கள். சூரியத் தகடுகளையும் பின்னறையில் வைக்கும் பேட்டரிகளையும் வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் கொண்டுவந்தேன். கூடியிருந்தவர்களில் ஒரு பெரியவர், "வெயில புடிச்சுக் குளுரு பண்ணப் போறீங்களா? நல்லாருக்குப்பா கதை" என்று சிரித்தார். மறுநாள் பெட்டியைத் திறந்து அவர் கையை உள்ளே வைக்கச் சொன்னீர்கள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அன்று நீங்கள் சிரித்த மாதிரி பிறகு நான் பார்க்கவில்லை.

அந்தப் பெட்டியை நீங்கள் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டீர்கள். காலையில் ஏணி போட்டு ஏறித் தகடுகளைத் துடைப்பீர்கள். இரண்டு வேளையும் உள்ளே இருக்கும் வெப்பமானியைப் பார்த்து அட்டையில் எழுதுவீர்கள். மாதம் ஒருமுறை நான் வரும்போது, "தம்பி, உங்க பேட்டரி தண்ணி ரொம்பக் குடிக்குதுங்க" என்று புகார் சொல்லிக்கொண்டே டீ போடுவீர்கள்.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டது. மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் பேட்டரி தாங்கும் என்பது கணக்கு. நான்காம் நாள் எனக்கு மனசு கேட்காமல் வாழப்பாடியிலிருந்து கிளம்பி வந்தேன். நான் வந்து சேர்ந்த பிறகு ஆற்றில் வெள்ளம் வந்து பாதை அடைபட்டது. ஐஸ் கொண்டுவரவோ, மருந்தைக் கெங்கவல்லிக்கு எடுத்துப் போகவோ வழியில்லாமல் போனது.

அதே பேட்டரியில் எரிந்த பிரசவ அறை விளக்கின் வயரைக் கழற்றினேன். நீங்கள் உங்கள் கம்பளியை எடுத்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினீர்கள். கூரை மேல் ஏறி, ஏற்கெனவே மழை கழுவிவிட்ட தகடுகளை மறுபடி மறுபடி துடைத்தேன். எத்தனையோ எந்திரங்களைப் பழுது பார்த்தவன் நான். அன்று பழுதென்று ஒன்றுமே இல்லை. வெயில் மட்டும்தான் இல்லை. ஏழாம் நாள் பெட்டியின் சத்தம் நின்றது. மருந்து தாங்கும் எட்டு டிகிரியைத் தாண்டி உள்ளே சூடு ஏற ஆரம்பித்தது.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை, ஊசி போடும் நாள். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தாய்மார்கள் வந்துவிட்டார்கள். நான்தான் மெதுவாகச் சொன்னேன்: "எட்டு டிகிரின்னே எழுதிடுங்க சிஸ்டர். யாருக்குத் தெரியப் போகுது?"

நீங்கள் கோபப்படவில்லை. "எழுதறது நானுங்க தம்பி. குத்திக்கறது அந்தக் கொழந்தைங்க. சூடேறுன மருந்து வெறுந்தண்ணிங்க. ஊசி போட்டாச்சுன்னு நம்பிக்கிட்டுப் போயிருவாங்களே?" என்றீர்கள். உண்மையான அளவை அட்டையில் எழுதினீர்கள். பிறகு மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக உடைத்துக் குழியில் கொட்டினீர்கள். வந்தவர்களிடம் கைகூப்பி, புது மருந்து வந்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னீர்கள். பத்து மாதக் குழந்தையை முந்தானையில் பொத்திக்கொண்டு நின்ற ராசாத்தி மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாள் பளீரென்று வெயில் அடித்தது. பெட்டி ஓடியது. உள்ளே வைக்கத்தான் மருந்து இல்லை. கடிதம் மேல் கடிதம் எழுதினீர்கள். பஸ் ஏறிப் போய்க் கேட்டீர்கள். மருந்து வருவதற்குள் மார்கழியில், அந்த ஊசி தடுத்திருக்க வேண்டிய மணல்வாரி அம்மை வந்துவிட்டது. ராசாத்தியின் குழந்தை போய்ச் சேர்ந்தது. நீங்கள் கையில் ஏந்தி எடுத்த குழந்தை. விசாரிக்கப் போன உங்களிடம் அவள், "அன்னிக்கே போட்டிருந்தா எம்புள்ள இருந்திருக்குமாம்மா?" என்று கேட்டாளாம்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். என்னிடம் ஒரு படிவத்தை நீட்டினார். எந்திரத்தில் பழுது உண்டா, இல்லையா என்பதுதான் கேள்வி. "பேட்டரி மூணு நாளுக்கு மேல தாங்காதுங்க சார்" என்றேன். "அதை யாரும் கேக்கல. பழுது இருந்துதா?" என்றார். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழுதில்லாத பெட்டியில் மருந்து கெட்டதென்றால் காரணம் உங்கள் கவனக்குறைவு என்று முடித்தார்கள். நீங்கள் உண்மையாக எழுதிய அட்டையே அதற்குச் சாட்சியானது. உங்களை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நீங்கள் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிய நாளில் நான் வாழப்பாடியில்தான் இருந்தேன். வந்து வழியனுப்பக்கூட எனக்குத் தைரியமில்லை.

சில வருஷம் கழித்துச் சேலம் பஸ் ஸ்டாண்டில், ஒரு பகல் நேரத்தில் நீங்களே என்னைக் கூப்பிட்டீர்கள். "ஏனுங்க தம்பி, இப்ப வர்ற பேட்டரியெல்லாம் எத்தன நாளுங்க தாங்குது?"

"அஞ்சு நாள் தாங்குதுங்க."

"பரவால்லீங்க" என்றீர்கள். நான் படிவத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். நீங்கள் கையமர்த்தினீர்கள். "பாத்தனுங்க. நீங்க பொய் எழுதலீங்களே." அதற்குள் திருச்செங்கோடு பஸ் வந்துவிட்டது. "வாரனுங்க" என்று ஏறிவிட்டீர்கள்.

பொய் எழுதியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன், சிஸ்டர். உண்மையை எழுதியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

ஐப்பசி வந்தால் இன்னமும் வெயில் வராத நாட்களை எண்ணுகிறேன். நான்காம் நாள் ஆனால் மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "மழையில என்ன பண்றீங்க?" என்று மனைவி கீழிருந்து சத்தம் போடுவாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. நின்றுவிட்டு இறங்கி வருவேன்.